சொந்தக்காரர் இல்லாத ஊர்

புளோரன்ஸை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே ஒரு காரணம்தான். அங்கே எங்களுக்கு ஒருவரும் இல்லை.

இதை மகளிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குப் பதினேழு வயது, பள்ளிக்கூடத்தில் ஓவிய வரலாறு படிக்கிறாள். மார்ச் விடுமுறைக்கு நாலு இரவு இத்தாலி போகலாம், அதுவும் புளோரன்ஸுக்கு என்று சொன்னதும், "ஓ மை கோட் அம்மா, உங்களுக்கு ஆர்ட்டில இவ்வளவு இன்ட்ரெஸ்ட் எண்டு எனக்குத் தெரியாது" என்று கட்டிப்பிடித்தாள். பெற்ற பிள்ளை தாயைப் பற்றி உயர்வாக நினைப்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கிறது. அதை ஏன் கெடுக்கவேண்டும் என்று நானும் அவளைக் கட்டிக்கொண்டேன்.

உண்மையில் ஐரோப்பாவைக் கழித்துக் கழித்துத்தான் அங்கே போய்ச் சேர்ந்தேன். லண்டன் என்றால் என் சித்தி. பரிஸ் என்றால் என் கணவரின் தங்கை. சூரிச்சில் அவருடைய பெரியப்பா மகன், ஒஸ்லோவில் என்னோடு படித்தவள், பேர்லினில், ஒரு கலியாணத்துக்கென்று ரொறன்ரோ வந்து எங்கள் வீட்டில் மூன்று கிழமை நின்ற குடும்பம். மட்ரிட்டில் ஒருவரும் இல்லை என்று நம்பியிருந்தேன், போன வருஷம் ஒருவர் போய்க் கடை போட்டுவிட்டார். இத்தாலியிலும் மிலானில் ஆள் இருக்கிறது, பலேர்மோவில் தடக்கி விழுந்தால் எங்கள் ஆட்களின் மேல்தான் விழவேண்டுமாம். புளோரன்ஸ் மட்டும் சுத்தமாகக் கிடந்தது.

கலியாணம் செய்து இருபத்திரண்டு வருஷம். ஐந்து தடவை ஐரோப்பா போயிருக்கிறேன். ஒரு நாளாவது ஹோட்டலில் தங்கியதில்லை. சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்குவது எங்கள் ஆட்களிடம் விவாகரத்துக்கு அடுத்தபடி. இரண்டு பக்கமும் ஆள் சேர்த்து விசாரிப்பார்கள். ஆகவே நான் பார்த்த ஐரோப்பா முக்கியமாக ஐரோப்பாவின் வீட்டு ஹோல்கள்தான். எந்த நாட்டில் எந்த சோபாவின் கம்பி எந்த விலாவில் குத்தும் என்று கேட்டால் சொல்லுவேன். பரிஸில் அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தில் ஏறினோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இறங்கியதும் பதினொரு வீட்டுக்குச் சாப்பிடப் போகவேண்டியிருந்தது. ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் சாப்பிடாவிட்டால் அது அடுத்த தலைமுறைக்கும் போகும்.

எனக்கு வேண்டியிருந்தது பெரிய விஷயம் இல்லை. ஒரு அறை, அதற்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு சாவி. காலையில் கண் விழிக்கும்போது தலைமாட்டில் யாரும் நின்று "தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்கக்கூடாது. மகள் இணையத்தில் ஒரு சின்ன ஹோட்டலைக் கண்டுபிடித்தாள். பச்சை ஜன்னல் கதவுகள். திறந்தால் அந்த ஊர்ப் பெரிய தேவாலயத்தின் சிவப்பு ஓட்டுக் குவிமாடம் தெரிகிறது. நானூற்றுச் சொச்சம் படி ஏறினால் உச்சியில் நின்று ஊர் முழுவதையும் பார்க்கலாமாம். அந்தப் படத்தை நான் வேலையிடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் வெட்கம்.

கணவரிடம் சொன்னபோது அவருடைய முதல் கேள்வி, "அங்க எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஏன் போறம்?"

மனிதர் பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். "எயர்போட்டில ஆர் வந்து ஏத்துறது?" என்றார் அடுத்ததாக.

"ட்ராம் இருக்கு. அதில ஏறிப் போவம்."

"ட்ராமோ!" என்றார். ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிய நாளிலிருந்து தெருமுனைத் தபால்பெட்டிக்கும் காரில் போய்வருகிற மனிதர். நான் அவரை நடுக்கடலில் இறக்கிவிடப் போகிறேன் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். பதின்மூன்று வயது மகன் மட்டும் "தே ஹாவ் பீட்சா, ரைட்?" என்று கேட்டு, ஓம் என்றதும் திருப்திப்பட்டு எழுந்து போனான். அந்த வீட்டில் எனக்குப் பிரச்சினை தராத ஒரே ஆண்பிள்ளை.

ஒரு நிபந்தனை வைத்தேன். ஒருவருக்கும் சொல்லக்கூடாது. குடும்ப குரூப்பில் போடக்கூடாது. கோயிலில் யாராவது "மார்ச்சில எங்கயும் போறியளோ?" என்று கேட்டால், "வீட்டிலதான்" என்று சொல்லவேண்டும். கணவர் பிள்ளையார்மேல் ஆணையாகச் சத்தியம் செய்தார். அடுத்த ஞாயிறு றிச்மண்ட் ஹில் கோயிலில் அவர் பிள்ளையாருக்கு முன்னால் நெடுநேரம் நின்றதைப் பார்த்தேன். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஜனவரிக் கடைசியில் அஜக்ஸில் ஒரு பிறந்தநாள் விழா. மண்டபம், பலூன், நானூறு பேருக்குச் சாப்பாடு, ஒரு வயதுக் குழந்தை. நான் பெண்கள் மேசையில் இருந்து ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஆண்கள் மேசையில் ஏதோ சலசலப்பு. ஐந்தாறு பேர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழும்பி நிற்கிறார்கள். யாருக்கோ சுகமில்லையாக்கும் என்று நினைத்து நானும் எழும்பிப் போனேன்.

"பலேர்மோவில கனபேர் இருக்கினம், ஆனா உது தெற்கு" என்றார் ஒரு அங்கிள். "டென்மார்க்கில என்ர தம்பிக்கு எடுத்திருக்கிறன், அவனுக்கு இத்தாலி முழுக்கத் தெரியும்" என்றார் இன்னொருவர். "பொலோனியாவில ஒராள், ஒரு மணித்தியால ஓட்டந்தான், அது காணாதோ?" என்றார் மூன்றாமவர். நடுவில் என் கணவர் ஏலம் கூறுகிற ஆள் மாதிரி நின்றார்.

நடந்தது இதுதான். மனிதர் நாங்கள் போகிறோம் என்று சொல்லவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றினார். "சும்மா ஒரு தகவலுக்குக் கேக்கிறன், புளோரன்ஸ் எண்டு ஒரு இடம், அங்க எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு ஊரைச் சொல்லி அங்கே ஆள் இருக்கிறதோ என்று கேட்டால், இல்லை என்ற பதிலோடு வீட்டுக்குப் போக ஒருவருக்கும் மனம் வராது. கேக் வெட்டுவதற்கு முன்பே பின்மேசையிலிருந்து ஒரு குரல் மண்டபம் அதிரக் கேட்டது: "ஆள் பிடிச்சாச்சு!"

கை தட்டினார்கள். குழந்தை பயந்து அழுதது.

பிடிபட்ட ஆள் என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணையின் மருமகளின் தம்பி. இரண்டு வருஷமாகப் புளோரன்ஸில் இருக்கிறான், ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் வேலை, கலியாணமும் செய்துவிட்டான். என் ஆராய்ச்சி மூன்றாம் படியோடு நின்றிருந்தது, இவன் நாலாம் படியில் இருந்திருக்கிறான். கணவர் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு கேக் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் நான் நாலு எக்ஸிட் தூரம் பேசவில்லை. எனக்கு அது சாதனை.

"நான் சொல்லேல்லையே, கேட்டனான்" என்றார் அவர் கடைசியில்.

"இனி என்னோட கதைக்காதையுங்கோ."

"ஒரு அவசரத்துக்கு ஆள் இருந்தா நல்லதெண்டுதானே பாத்தனான். நீர் ஏன் இப்பிடிக் கோவிக்கிறீர்?"

"என்ன அவசரம் வரும்? பீட்சா தொண்டையில சிக்குமோ?"

அடுத்த நாளே புளோரன்ஸிலிருந்து அந்தப் பொடியன் போன் எடுத்தான். நல்ல மரியாதையான பிள்ளை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "அங்கிள், நாங்கள் இஞ்ச இருக்கேக்க நீங்கள் ஹொட்டேலில நிண்டா எங்களுக்கு வெக்கக்கேடு. ஒரு அறைதான், ஆனா நாங்கள் ரெண்டு பேரும் குசினியில படுப்பம்" என்றான். என் கணவர் கண் கலங்கி, "பாத்தீரே பொடியன்ர குணத்தை" என்று போனைப் பொத்திக்கொண்டு எனக்குச் சொன்னார். பாத்தேன். பச்சை ஜன்னல் ஒரு பக்கமாக மூடுவதையும் பாத்தேன்.

பிறகு பொதிகள் வரத்தொடங்கின. இத்தாலிக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் ரொறன்ரோவில் உள்ளவர்களுக்கு அங்கே தூள் இல்லை என்பது திடீரென்று நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு அன்ரி வறுத்த மிளகாய்த்தூள் மூன்று கிலோ கொண்டுவந்து வாசலில் வைத்தார். இன்னொருவர் மிலானில் இருக்கிற தன் மகளுக்கு இடியப்ப உரல் ஒன்று தந்தார். மிலான் எங்கே, புளோரன்ஸ் எங்கே என்று மகள் வரைபடத்தைக் காட்டி விளக்கினாள். "ஓம் பிள்ளை, கிட்டத்தானே" என்றார் அவர். கைப்பை மட்டும் என்று நான் போட்டிருந்த திட்டத்துக்கு நாலு சூட்கேஸ் முளைத்தது.

ஒரு சனிக்கிழமை காலை. கணவர் கடைக்குப் போயிருந்தார். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. எடுத்தால் இளம்பெண் குரல், கிசுகிசுவென்று.

"அன்ரி, நான் புளோரன்ஸில இருந்து கதைக்கிறன். அங்கிளோட கதைச்சவற்ற மனுசி." குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. "நான் பாத்ரூமுக்குள்ள நிக்கிறன். அன்ரி, பிள்ளையள் உறைப்புச் சாப்பிடுவினமோ?"

"பிள்ளை, நீர் எங்களுக்கெண்டு ஒண்டும் கஷ்டப்படாதையும்."

"ஒண்டு கேட்டாக் கோவிக்கமாட்டியளே?"

"கேளும்."

"அந்த ஹொட்டேலைக் கான்சல் பண்ணிப்போட்டீங்களோ?"

"இன்னும் இல்லை."

"பண்ணாதையுங்கோ அன்ரி" என்றாள். "தயவுசெய்து பண்ணாதையுங்கோ."

எனக்கு அந்தப் பிள்ளையைப் போனுக்குள்ளால் இழுத்து எடுத்துக் கொஞ்சவேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் அழுகிறாள் என்று கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. இரண்டு வருஷமாம். சுவிஸிலிருந்து, ஜெர்மனியிலிருந்து, பிரான்ஸிலிருந்து வாகனம் பிடித்து வான் வானாக ஆட்கள். கோடையில் ஒரு வான் போய்ப் படுக்கை விரிப்புக் காய முதல் அடுத்த வான். விடியப்புறம் எழும்பிப் புட்டு அவித்து, சோறு கட்டி, எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் இடம் காட்டவேண்டும்.

"என்ர குசினி ஜன்னலால அந்தப் பெரிய சேர்ச்சின்ர டோம் தெரியும் அன்ரி. ஒருநாளும் ஏறினதில்லை."

"ஏன்?"

"மேல பாக் கொண்டுபோக விடமாட்டினம். வைக்கிறதுக்கு இடம் இருக்கு, ஆனா சோத்துப் பெட்டியையும் கறிச் சட்டியையும் என்னண்டு அங்க குடுக்கிறது? ஆரும் கீழ நிக்கத்தானே வேணும்."

போனை வைத்த பிறகு எனக்கு நயாகரா ஞாபகம் வந்தது.

ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் நயாகரா நீர்வீழ்ச்சி ஒரு வேலை. வருகிற ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டவேண்டும். எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று கணக்கில்லை. அங்கே கார் நிறுத்துகிற இடத்தில் எந்த மரத்தின் நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். புளிச்சாதத்தை அந்த நிழலுக்கேற்ப நகர்த்தி நகர்த்தி வைத்திருக்கிறேன். எல்லாரும் பிளாஸ்டிக் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு படகில் நீர்வீழ்ச்சிக்குக் கிட்டப் போய், நனைந்து, கத்தி, சிரித்து, பசியோடு வருவார்கள். நான் மூடியைத் திறப்பேன். அந்தப் படகில் நான் ஒருநாளும் ஏறினதில்லை. யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அன்ரி ஒருக்கா இதைப் பிடியுங்கோ என்றுதான் சொன்னார்கள்.

நான் என்னை ஒரு அப்பாவி என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுகத்தை அப்படியே வைத்திருந்திருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்காதே. பரிஸில் இருக்கிற மச்சாளுக்கு, என் கணவரின் தங்கைக்கு, போன் எடுத்து இந்தக் கதையெல்லாம் சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவது. சொல்லி முடித்து, "மச்சாள், நீங்கள் அந்தக் கோபுரத்தில கனதரம் ஏறியிருப்பியளே?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன விசரோ?" என்று சிரித்தாள். "இருபது வருசமா அதுக்குக் கீழ நிக்கிறன். ஒருக்காலும் ஏறேல்லை."

"நாங்கள் வந்தமுறை ஏறினமே!"

"நீங்கள் ஏறினனீங்கள், மச்சாள். உங்கட சின்னவன் நித்திரையாப் போனான், ஞாபகமில்லையோ? எழுப்பினால் கத்துவான் எண்டு சொல்லி என்ர மடியில தந்துபோட்டுப் போனனீங்கள். ரெண்டரை மணித்தியாலம். நல்லா மூத்திரமும் பெய்தவன்."

அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பகிடியாகத்தான் சொன்னாள், மூத்திரக் கதைக்கு அவளே நெடுநேரம் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பயணத்தைப் பற்றி ஊர் முழுக்க நான் சொல்லித் திரிந்தது அவளுடைய சோபாக் கம்பியைப் பற்றித்தான். கோபுரத்தின் மேல் எனக்கு நல்ல காற்று அடித்தது ஞாபகம் இருந்தது. கீழே பிள்ளை யாருடைய மடியில் இருந்தான் என்பது ஞாபகம் இல்லை.

"மச்சாள்," என்றேன், "மார்ச்சில நீங்களும் புளோரன்ஸுக்கு வாங்கோ. நான் ரிக்கெற் போடுறன்."

சொந்தக்காரர் இல்லாத ஊர் தேடி ஐரோப்பாவைக் கழித்துப் பார்த்தவள், அங்கே ஒரு சொந்தக்காரரை நானே இறக்குமதி செய்தேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "வாறன். ஆனா எனக்குத் தனி அறை போடுங்கோ. பிள்ளையளோட ஒரு அறையில படுக்க என்னால ஏலாது" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. எனக்கு வேண்டியிருந்ததும் அதேதான் என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. பச்சை ஜன்னல் உள்ள அறையையே அவளுக்குப் போட்டேன். எங்களுக்குப் பின்பக்கத்து அறைகள். அவற்றுக்கும் கதவு இருக்கிறது, சாவியும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் குடும்பக் கூட்டம் வைத்தேன். ஹோட்டல் கான்சல் இல்லை என்றேன். கணவர் வாயைத் திறந்தார். அந்தப் பொடியனின் மனைவி பாத்ரூமில் நின்று சொன்னதைச் சொன்னேன். வாயை மூடினார். பொடியன் மனம் நோகாமல் இருக்க ஒருநாள் மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போவோம், ஆனால் சமையல் என் கணவர், அதுவும் நாங்கள் காவிப்போகிற தூளில் என்றேன். அவருக்கு இறைச்சிக் கறி நன்றாக வரும், இங்கே எந்த விழாவுக்கும் அதைச் சொல்லி மார் தட்டுகிறவர். சரி என்றார். அவருடைய தங்கையும் அந்தப் பிள்ளையும் எங்களோடு குவிமாடம் ஏறுகிறார்கள் என்றேன்.

மகள் கணினியை விரித்துக் குவிமாடத்துக்கு ரிக்கெற் போடத் தயாரானாள். "சோ, ஹவ் மெனி? நாங்கள் நாலு, மாமி, பிளஸ் அந்த அக்கா. சிக்ஸ், ரைட்?"

"அஞ்சு" என்றேன். "ஆரும் ஒராள் கீழ நிண்டு பாக் பிடிக்கவேணும்."

வழக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மகனைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ர முழங்காலுக்கு நானூறு படி சரிவராது" என்றார் அவர் மெதுவாக. "கீழ குந்தியிருக்க வாங்கு ஏதும் இருக்குமோ?"

மகள் படத்தில் தேடிக் கல்படிகள் இருப்பதாகக் காட்டினாள். "எங்கட ஆக்கள் ஆரும் அதால போனாலும் போவினம்" என்று அவர் தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொண்டார். பிறகு ஏதோ நினைத்தவர்போல எழும்பிப் போய், பழைய படங்கள் இருக்கிற பெட்டியைக் கொண்டுவந்து பரிஸ் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கோபுரத்தின் மேல் நானும் மகளும். கம்பியைப் பிடித்தபடி நான் தனியாக. காற்றில் தலைமயிர் பறக்க மறுபடி நான்.

"எல்லாம் நான்தான் எடுத்தனான்" என்றார். "தங்கச்சி ஏன் ஒண்டிலயும் இல்லையெண்டு இவ்வளவு நாளும் யோசிக்கவே இல்லை."

"நானும்தான்" என்றேன்.

படங்களை அடுக்கிப் பெட்டியை மூடினார். "அஞ்சு ரிக்கெற் போடு பிள்ளை" என்று மகளிடம் சொன்னார். "பாக் எல்லாத்தையும் நான் பிடிக்கிறன்."

"இடியப்ப உரலையும் சேத்தோ?" என்று நான் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், உரலையும் சேத்து" என்றார்.